போறப்ப ஏத்துன தூண்டில் வர்றப்ப ஏன் ஏறாது?

அப்பாவோட அந்தமானுக்கு மீன் பிடிக்கப் போய்ட்டு திரும்பி வர்றப்போ ஃப்ளைட்டுல ஒடஞ்ச தூண்டில் ராட் ஃபோட்டோவ முந்தாநாள் போட்டேன், எல்லாரும் பாத்திருப்பீங்க. ஆறுதல் சொன்னவங்களுக்கு மனசார நன்றி. இந்தப் பதிவு மத்தவங்களுக்கு. "ஒரு கம்பு ஒடஞ்சதுக்கு இவ்ளோ அழுகையா", "மீன் வேணும்னா காசிமேடு போ, எதுக்கு அந்தமான்", "கம்ப தூக்கிட்டு ஃப்ளைட் ஏறுனா அப்படித்தான் ஆகும்". இதுல ஒருத்தர் என்கூட ஒரே பெஞ்சுல படிச்சவர், அதான் ரெண்டு நாளா மனசு ஆறல.

நான் கேக்குறது ஒரே ஒரு கேள்வி. போறப்ப ஏத்துன சாமான் வர்றப்ப எப்படி ஏத்தக்கூடாத சாமான் ஆச்சு? அதே பைப், அதே நீளம், அதே எடை, அதே ஏர்லைன். நடுவுல ஆறு நாள் போயிருக்கு, வேற எதுவும் மாறல.

சென்னையில செக்-இன் பண்ணப்போ என்ன நடந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா நான் ஏதோ கள்ளத்தனமா கொண்டு போன மாதிரி சிலர் எழுதியிருக்காங்க. கிளம்புறதுக்கு பத்து நாள் முன்னாடியே கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டு கேட்டேன், பொருள் என்ன, எத்தனை அடி, எவ்ளோ எடை எல்லாம் சொன்னேன், "கொண்டு வாங்க சார், ஓவர்சைஸ் சார்ஜ் வரும்"னாங்க. நாலு இஞ்ச் பிவிசி பைப்ப ஆறடிக்கு அறுத்து, ஒரு பக்கம் எண்ட் கேப் ஒட்டி, இன்னொரு பக்கம் திருகு மூடி போட்டு, உள்ள ஒவ்வொரு ராடையும் பழைய வேட்டித் துணியில சுத்தி வச்சேன். மூணு ராட், பைப்போட சேத்து அஞ்சு கிலோவுக்குள்ள. தூண்டில் முள்ளு எல்லாத்தையும் கழட்டி ஒரு டப்பாவுல போட்டு, டேப் சுத்தி, செக்-இன் பெட்டிக்குள்ள. கட்டிங் பிளேயரும் அதுலயே. நூல் சுத்துற ரீல் மட்டும் கைப்பையில, ஏன்னா அத பெட்டியில போட்டா ஹேண்டில் வளைஞ்சிரும். செக்யூரிட்டியில அந்த ரீல எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்த அண்ணன், நூல கொஞ்சம் இழுத்துப் பாத்துட்டு, "இதுல எவ்ளோ பெரிய மீன் மாட்டும்?"னு கேட்டு சிரிச்சு அனுப்பி வச்சாரு. கவுண்டர்ல பைப்ப அளந்தாங்க, காசு வாங்குனாங்க, ரசீது குடுத்தாங்க, அந்த ரசீதுல விளையாட்டு உபகரணம்னு அவங்களே டைப் பண்ணியிருக்காங்க. ரசீது இன்னும் என்கிட்ட இருக்கு.

திரும்பி வர்றப்போ அதே ஏர்லைன் கவுண்டர்ல இருந்த பொண்ணு பைப்ப பாத்ததும் "ஸ்டிக் எல்லாம் ஏத்த மாட்டோம்"னு சொல்லிட்டாங்க. ரசீத காட்டுனேன். சூப்பர்வைசர் வந்தாரு. நீளம், அகலம், உயரம் மூணும் கூட்டுனா 158 சென்டிமீட்டர்தான் லிமிட், உங்களுது 200க்கு மேல வருதுன்னாரு. சரி சார், அதுக்குத்தான காசு கட்டுறோம், போறப்ப கட்டுன ரசீது இதுன்னேன். அதுக்கு அவர் சொன்ன பதில அப்படியே எழுதறேன்: "யார் ஏத்துனாங்களோ அவங்கள போய் கேளுங்க." யார போய் கேக்குறது? 1,300 கிலோமீட்டருக்கு மேல கடல் இருக்கு நடுவுல!

அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல, இத தெளிவா எழுதிடறேன். இருவத்திமூணு இருவத்திநாலு வயசு இருக்கும், அதுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல, அவ்ளோதான். என் கோவம் சொல்லிக்குடுக்காதவங்க மேல. தூண்டில் ராட் ஏத்தலாமா கூடாதா, எத்தனை அடி வரைக்கும், எவ்ளோ காசு, இத ஒரு பக்கத்துல எழுதி எல்லா கவுண்டர்லயும் ஒட்டி வச்சா முடிஞ்சுது. ஏத்த மாட்டோம்னா மொதல்லயே சொல்லிடுங்க, நான் வேற வழி பாத்துக்கறேன். சென்னையில ஒரு பேச்சு, அங்க ஒரு பேச்சுன்னா நடுத்தீவுல நிக்கிறவன் என்ன பண்ணுவான்?

"கப்பல்ல போயிருக்கலாமே"ன்னு ஒருத்தர். சென்னையிலருந்து கப்பல் கிட்டத்தட்ட மூணு நாள். போக மூணு, வர மூணு, எனக்குக் கிடைச்சதே எட்டு நாள் லீவு. கூட வந்தது எங்க அப்பா, வயசு 67, முட்டி வலி. கப்பல் எப்ப கிளம்பும்னு காத்துக் கிடக்க நமக்கு முடியாதுங்க.

"அங்கயே ராட் வாடகைக்கு எடுத்திருக்கலாம்"னு நிறைய பேர் எழுதியிருக்கீங்க. ஆமா, சில போட்காரங்க தர்றாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா அது யார் யாரோ யூஸ் பண்ணி, உப்புத் தண்ணி ஏறி, ராட்ல நூல் போற ரிங்குல இருக்கிற செராமிக் வெடிச்சு, அந்த வெடிப்புல நூல் உரசி உரசி பெரிய மீன் மாட்டுற நேரத்துல பட்டுனு அறுந்து போற ராட். நான் போனது பாறை மீனுக்கு, இங்கிலீஷ்ல ஜயண்ட் ட்ரெவல்லிம்பாங்க. ஜப்பான்ல 2006ல பிடிச்ச 72.8 கிலோ பாறைதான் உலக ரெக்கார்டு. அவ்ளோ பெருசு நமக்கு வேண்டாம், பதினஞ்சு கிலோ பாறை ஒண்ணு இழுத்தாலே அது நேரா பவளப்பாறைக்குள்ளதான் ஓடும், அங்க நிறுத்தலன்னா நூலும் போச்சு மீனும் போச்சு, வாய்ல முள்ளோட நூலையும் இழுத்துட்டு அது திரியும். அதுக்குத்தான் நல்ல ராட் வேணுங்கறது. மூணா நாலா மடக்குற டிராவல் ராட் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, என்கிட்டயே ஒண்ணு இருக்கு, சின்ன மீனுக்கு ரொம்ப நல்லா இருக்கும். கனமான பாறைக்கு ஏத்த மாதிரி மடக்குறது வேணும்னா அதோட விலைய பாத்துட்டு வந்து பேசுங்க. நான் வச்சிருக்கறது கைப்பிடி மட்டும் தனியா கழலும், மேல் பகுதி முழுசா ஒரே துண்டு, அதுவே அஞ்சே முக்கால் அடி. எட்டு மாசம் சேத்து வாங்குனது.

கடைசியில என்ன ஆச்சுன்னா, கவுண்டர் மூட இருவது நிமிஷம் இருக்கறப்போ ஒரு சீட்டு நீட்டுனாங்க. லிமிடெட் ரிலீஸ் டேக். அதாவது ஒடஞ்சா எங்க பொறுப்பு இல்லன்னு நான் கையெழுத்து போடணும். போட்டா ஏத்துவோம், போடலன்னா பைப்ப இங்கயே விட்டுட்டுப் போங்க. அப்பா பக்கத்துல நின்னு என் முழங்கைய பிடிச்சு, "விட்ருவோம்யா, எதுக்கு வம்பு, கம்புதான"ன்னாரு. அப்பா யார்கிட்டயும் அப்படி கெஞ்சுற குரல்ல பேசி நான் கேட்டதில்ல. மொத தடவையா ஃப்ளைட் ஏறுன மனுசன். பின்னாடி வரிசையில நின்னவங்க எல்லாரும் எங்கள பாத்துட்டு இருந்தாங்க. கையெழுத்து போட்டேன். இருவது நிமிஷம் முன்னாடி வரைக்கும் ஏறவே ஏறாத சாமான் ஒரு கையெழுத்துல ஏறிருச்சு, அப்போ 158 சென்டிமீட்டர் எங்க போச்சு?

சென்னையில இறங்குனா, பெரிய சாமான் வர்ற இடத்துல பைப் வரல. சாதாரண பெல்ட்டுல, ரெண்டு பெரிய டிராலி பெட்டிக்கு நடுவுல மாட்டி, திருகு மூடி இல்லாம வந்துச்சு. வேட்டித் துணி பாதி வெளிய தொங்குது. அப்பா யூஸ் பண்ண ராட், நுனியிலருந்து ரெண்டாவது ரிங்குக்குக் கீழ ஒடஞ்சு, நார் நாரா பிரிஞ்சு, ரிங்குல கட்டியிருந்த நூல்ல தொங்கிட்டு இருந்துச்சு. அந்த ஃபோட்டோதான் நீங்க பாத்தது.

"மத்த ரெண்டும் நல்லாத்தான இருக்கு"ன்னு கேக்குறவங்களுக்கு: கார்பன் ராட் எப்படி செய்யறாங்கன்னா, கார்பன் இழைத் துணிய பசையோட ஒரு இரும்புக் கம்பி மேல சுருட்டி, சூட்டுல வேகவச்சு, கம்பிய உருவிடுவாங்க. உள்ள வெறும் குழல். நீளவாக்குல வளைச்சா எவ்ளோ வேணா தாங்கும், இருவது கிலோ மீன் இழுத்தாலும் வளைஞ்சு குடுக்கும். ஆனா பக்கத்துலருந்து ஒரு பெட்டி முனை டொக்குனு இடிச்சா போதும், உள்ள முடி மாதிரி ஒரு விரிசல் விழும், கண்ணுக்கே தெரியாது. நகத்தால வருடிப் பாத்தாலும் சில நேரம் தெரியாது. அடுத்த தடவை மீன் மாட்டி லோடு ஏறுறப்பத்தான் அந்த இடத்துல வெடிக்கும், முகத்துக்குப் பக்கத்துல. அதனால அந்த ரெண்டையும் நான் இனிமே நம்பி அப்பா கையில குடுக்க முடியாது. ஒண்ணுதான் ஒடஞ்சுதுன்னு சொல்றவங்களுக்குப் புரியணும்னு சொல்றேன், எனக்கு மூணும் போச்சு.

அப்பாவ பத்தி சொல்லியே ஆகணும். எங்களுக்குத் தாமிரபரணிக் கரை. அப்பா சின்ன வயசுல மூங்கில் குச்சி வெட்டி, நெருப்புல வாட்டி நிமித்தி, மயிலிறகுத் தண்டுல தக்கை செஞ்சு, மண்புழு கோத்து கெண்டையும் கெளுத்தியும் பிடிப்பாரு. வெராலுக்கு தவக்களை. எனக்கு மொத மொத முள்ளு கட்டக் கத்துக்குடுத்ததே அவர்தான், நாலு விரல்ல தூண்டில் நரம்ப சுத்தி, எச்சி தொட்டு இறுக்கறது, அந்த முடிச்சத்தான் நான் ரொம்ப வருஷம் போட்டேன். அப்புறம் வேலை, கடன், எங்க படிப்பு, தங்கச்சி கல்யாணம், முப்பது வருஷம் அவர் தூண்டிலே தொடல. இந்தப் பயணம் அவருக்காகப் போட்டது.

மூணாவது நாள் காலையில, ஒரு சின்னத் தீவுக்கு வெளிய, தண்ணி நீலத்துலருந்து பச்சையா மாறுற ஓரத்துல படக நிறுத்துனாரு போட்காரர். அவரும் தமிழ், தாத்தா காலத்துலயே அங்க போய் செட்டிலானவங்க. நீளக் கத்திரிக்காய் சைஸுக்கு ஒரு பாப்பர், அதாவது மீன ஏமாத்துற பொய் இரை, அத நான் வீசி அப்பா கையில குடுத்தேன். அது முன்னாடி பக்கம் கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கும், வெடுக்குனு இழுத்தா தண்ணியில டொபுக்குனு சத்தம் வரும். நாலாவது இழுப்புல தண்ணி அப்படியே பிளந்துச்சு. அப்பா ஒரு சத்தம் போட்டாரு, என்ன வார்த்தைன்னு எனக்கு இன்னும் தெரியல. இடுப்புல பெல்ட் கட்டி ராட் அடிய அதுல ஊனி, நான் பின்னாடி பிடிச்சுக்க, பத்து நிமிஷம். பதினோரு கிலோ. முள்ள கழட்டிட்டு, விடப்போறோம்ப்பான்னேன். "இவ்ளோ தூரம் வந்து விடவா செய்யப் போற?"ன்னு என்னப் பாத்தாரு. அப்புறம் அவரே குனிஞ்சு வால பிடிச்சு, தலை தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி வச்சு, செவுள் தெறந்து தெறந்து மூடற வரைக்கும் காத்திருந்து, அது வால ஒரு உதறு உதறி கையவிட்டுப் போனதும் நனைஞ்ச கைய வேட்டியில தொடைக்கவே இல்ல, அப்படியே வச்சுட்டு உக்காந்திருந்தாரு.

ஒடஞ்சது அந்த ராட்.

"பிடிச்சு விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும், மீனுக்கு வலிக்காதா"ன்னு ரெண்டு பேர். வேற நாள் பேசுவோம், பேசவேண்டிய விஷயம்தான், ஆனா அதுக்கும் ஏர்லைன் ராட ஒடைச்சதுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொண்ணு, இத சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். போற அன்னைக்கு சென்னையில எனக்குப் பக்கத்து கவுண்டர்ல ஒருத்தர் கோல்ஃப் பேக் கொண்டு வந்தாரு. அதுவும் நாலடிக்கு மேல நிக்கும், கூட்டிப் பாத்தா அதுவும் 158ஐத் தாண்டும். அத யாரும் ஸ்டிக்குன்னு சொல்லல. ஃபிரஜைல் ஸ்டிக்கர் கேக்காமயே ஒட்டுனாங்க, ரெண்டு பேர் வந்து கையில தூக்கிட்டுப் போனாங்க. அவருக்குக் குடுத்த மரியாதை தப்புன்னு சொல்ல வரல, அப்படித்தான் எல்லார் சாமானையும் தூக்கணும். எனக்கு மட்டும் ஏன் அது கம்பு? மீன் பிடிக்கறதுன்னாலே இந்த ஊர்ல ஒரு எளக்காரம் இருக்கு. "மீன் பிடிக்கவா போறீங்க"ன்னு கேக்குறப்போ உதட்டோரம் வர்ற அந்தச் சிரிப்பு எனக்கு நல்லாத் தெரியும், ஆபீஸ்ல பாத்திருக்கேன், கல்யாண வீட்டுல பாத்திருக்கேன், இப்ப கவுண்டர்ல பாத்தேன், என் பதிவுக்குக் கீழயும் பாத்துட்டேன். எங்க ஊர்ல ஆத்தங்கரையில தூண்டில் போட்டு வீட்டுக்குக் கறி கொண்டு வந்த ஆளுங்கள "வேலைவெட்டி இல்லாதவன்"னு சொன்ன அதே வாய்தான் இது. நான் டிக்கெட்டுக்குக் காசு கட்டியிருக்கேன், ஓவர்சைஸுக்குத் தனியா காசு கட்டியிருக்கேன், ரெண்டு தடவை. எங்கப்பா அந்த வரிசையில தலைய குனிஞ்சு நின்னதுக்கு என்ன ரசீது குடுப்பீங்க?

சரி. இனிமே போறவங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்னு ஒண்ணு சொல்றேன். ஏதாவது ஒடஞ்சிருந்தா ஏர்போர்ட்ட விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பெல்ட் பக்கத்துல இருக்கற பேகேஜ் கவுண்டர்ல புகார் எழுதி, அவங்க குடுக்கற ரிப்போர்ட் நம்பர வாங்கிடுங்க. சேதத்துக்கு எழுத்துல புகார் குடுக்க ஏழு நாள்தான் டைம். உள்நாட்டு ஃப்ளைட்டுல பேகேஜுக்கு நஷ்டஈடு அதிகபட்சம் 20,000 ரூபாய். நான் கையெழுத்து போட்டுட்டேன்ல, அதனால ஒண்ணும் கிடைக்காதுன்னு சில பேர் சொல்றீங்க. இருக்கலாம். ஆனா மூடிய தொலைச்சு, பெரிய சாமான சின்ன பெல்ட்டுல போட்டு நசுக்குறதுக்கு நான் கையெழுத்து போடல.

இன்னைக்கு அஞ்சாவது நாள். ரெண்டு ரசீது, டேக், ஃபோட்டோ எல்லாம் சேத்து நேத்து ராத்திரி மெயில் அனுப்பிட்டேன். காசு மட்டும் கேக்கல, போறப்ப ஏத்துனதுக்கும் வர்றப்ப மறுத்ததுக்கும் எந்த விதின்னு எழுத்துல கேட்டிருக்கேன். பதில் வந்தா இங்கயே போடறேன்.

காலையில அப்பா ஃபோன் பண்ணாரு. "அந்த இடத்துல நூல் சுத்தி அரக்கு வச்சு ஒட்டிப் பாக்கலாமாய்யா, மூங்கிலுக்கு நாங்க அப்படித்தான் செய்வோம்"னு கேட்டாரு. கொண்டு வாரேன்ப்பான்னு சொல்லியிருக்கேன்.