ஜிம் பிரவுனின் முதல் படம் எது?

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜிம் பிரவுன் 1966இல் ஓய்வு பெற்ற பிறகே நடிக்க வந்தார் என்றும், 1967இல் வெளியான 'தி டர்ட்டி டஸன்' படமே அவருடைய முதல் படம் என்றும் சொல்லப்பட்டு, பலராலும் பகிரப்படுகிறது. இது சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்க விரும்புகிறேன்.

அவர் முதலில் நடித்தது, கோர்டன் டக்ளஸ் இயக்கத்தில் 1964இல் வெளியான 'ரியோ கோன்சோஸ்' என்ற கௌபாய் படத்தில். ரிச்சர்ட் பூன், ஸ்டூவர்ட் விட்மன் ஆகியோருடன், ராணுவ சார்ஜென்ட் ஃபிராங்க்ளினாகக் குதிரையில் வருபவர் அவர்தான். அப்போது அவர் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் முன்னணி ஆட்டக்காரர்; அதே ஆண்டு டிசம்பரில் அந்த அணி பால்டிமோர் கோல்ட்ஸை 27-0 என வென்று சாம்பியன் ஆனது. கௌபாய் படங்களில் கறுப்பின நடிகர்களுக்கு நல்ல வேடங்கள் அரிதாகவே கிடைத்த காலத்தில் அவர் ஏற்ற வேடம் என்பதால், அது மறக்கப்படுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

குழப்பத்திற்குக் காரணமும் உண்டு: இங்கிலாந்தில் 'தி டர்ட்டி டஸன்' படப்பிடிப்பு நீண்டுகொண்டே போய், அணியின் பயிற்சி முகாமுக்குத் திரும்ப முடியாத நிலையில்தான் அவர் ஓய்வை அறிவித்தார்.

சரிபார்ப்பது எளிது. 'ரியோ கோன்சோஸ்' படத்தின் நடிகர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) புள்ளிவிவரப் பக்கத்தில் 1965ஆம் ஆண்டைத் திறந்தால், அந்தப் படம் வெளியான மறு ஆண்டிலும் அவர் பந்துடன் 1,544 கெஜம் ஓடியிருப்பது, அதாவது இன்னும் விளையாடிக்கொண்டிருந்தது தெரியும்.