இருபது நிமிடத்தில் முழுப்படம் சொல்லும் புண்ணியவான்களே!

யூடியூபில் "முழுக்கதையும் தமிழில்" என்று போட்டுப் பிழைப்பு நடத்தும் அண்ணன்களே, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?

2023இல் வந்த "கிரியேஷன் ஆஃப் தி காட்ஸ்" சீனப் படத்தை விடுமுறை நாளில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசையாக வைத்திருந்தேன். சாப்பிடும்போது சும்மா போனைத் திறந்தால், சிறைக்குள் ஒரு பெரியவர், கையில் அப்பம், மேலே கொட்டை எழுத்தில் "பெத்த மகனையே தின்ற அப்பா!". நான் வீடியோவைத் தொடக்கூட இல்லை. அதற்குள் சோலி முடிந்தது.

"சீனாவில் எல்லாருக்கும் தெரிந்த கதைதானே" என்று வக்காலத்து வாங்க வராதீர்கள். தெரிந்ததுதான். ஷாங் வம்சம் வீழ்ந்து ஜோ வம்சம் எழுந்ததை, தேவர்களையும் மாயாவிகளையும் கலந்து 16ஆம் நூற்றாண்டு மிங் காலத்து நாவலாக எழுதி வைத்தார்கள். ராமன் காட்டுக்குப் போவது நமக்குத் தெரியும் என்பதற்காக, முதல்முறை கேட்கப் போகிறவன் காதில் ஓடிவந்து கத்துவோமா?

சொன்னதையாவது ஒழுங்காகச் சொன்னீர்களா? எரிச்சலில் முழு வீடியோவையும் பார்த்துத் தொலைத்தேன். "நரிப் பேய் புகுந்த பொண்ணு நல்ல ராஜாவைக் கெடுத்துட்டா"வாம். அப்புறம் படத்தைப் பார்த்தால் கதையே தலைகீழ்! அந்தப் பெண் தாஜிக்குள் நரி புகுவது உண்மை. ஆனால் அரசன் யின் ஷோ நல்லவனாக இருந்து கெட்டவன் இல்லை. சிம்மாசனத்துக்காக எதையும் செய்யத் துணிந்தவன், அவள் யாரென்று தெரிந்தே பயன்படுத்திக்கொள்கிறான். காலங்காலமாகப் பெண் தலையில் கட்டிய பழியை இயக்குநர் வுர்ஷான் எடுத்து ராஜா தலையிலேயே வைக்கிறார். நீங்கள் அதைப் பிடுங்கித் திரும்பவும் அவள் தலையில் கட்டுகிறீர்கள்.

படத்தின் உயிரே அரண்மனைக் காட்சிதான். நான்கு பெருந்தலைவர்களை மண்டியிட வைத்து, பணயமாக அரண்மனையில் வளர்ந்த அவர்களுடைய மகன்களின் கையில் வாளைக் கொடுத்து, "அப்பனைக் கொன்றால் அவன் பதவி உனக்கு" என்கிறான் ராஜா. ஒவ்வொரு பையன் முகத்திலும் பயம், ஆசை, பாசம் மாறி மாறி ஓடுகிறது. அந்த நடிகர்களை மாதக்கணக்கில் முகாமில் போட்டுக் குதிரையேற்றம், வில்வித்தை என்று வாட்டியெடுத்தார்கள். அண்ணன் அதைச் சொன்ன அழகு: "அப்பாக்களைக் கொல்லச் சொல்றான், அங்க ஒரு சண்டை." அவ்வளவுதான்! தலை கழன்று பறக்கும் மந்திரவாதிக்கு மட்டும் மூன்று நிமிடம், நடுவில் விளம்பரம் வேறு.

பெயர்களைச் சொல்லவும் சோம்பல். பணயமாக வளர்ந்த மகன்களில் ஒருவன் ஜி ஃபா "நம்ம ஹீரோ", அவன் அண்ணன் "இன்னொரு ஹீரோ", தேவலோகத்திலிருந்து வரும் முனிவர் ஜியாங் ஸியா "காமெடி தாத்தா". மகனின் கறியில் செய்த அப்பத்தைத் தின்னும் சிறைக் காட்சியில் லி ஷுயெஜியன் என்ற அந்த முதிய நடிகர் வாய் மெல்வதிலேயே நம் குலையை நடுங்க வைக்கிறார். அதன் மேல் "ஐயோ பாவம் ஃப்ரெண்ட்ஸ்" என்று பேசி, பின்னால் சோக வயலினையும் ஓடவிட்டிருக்கிறீர்கள்.

இரண்டாம் பாகத்துக்கும் வீடியோ தயார் என்று இப்போது அறிவிப்பு வருகிறது. போன மாதமே அந்தச் சேனலை முடக்கி வைத்தேன், வேறு பெயரில் வந்து நிற்கிறார்கள்.