எல்லாப் பாட்டிகளும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறார்கள்?

கொஞ்ச காலமாகக் குடும்ப நினைவுகளை வைத்து எழுதப்படும் கதைகள், கவிதைகள், கட்டுரைகள் என்று கையில் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் ஒரு பாட்டி வந்துவிடுகிறார். சுருக்கம் விழுந்த கை, எதையும் மறக்காத மனசு, யாரையும் கடிந்து பேசாத வாய். பெயரை மட்டும் மாற்றினால் ஒரு கதையின் பாட்டியை இன்னொரு கதையில் குடிவைத்துவிடலாம். இந்தப் பாட்டிக்கு மருமகள் என்று ஒருத்தி இருந்திருப்பாளே, அவளைக் கேட்டால் வேறு கதை வந்திருக்குமே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

பாட்டிகள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. எழுதுகிறவர்கள் மேல்தான். வீட்டில் காதில் விழுந்தது, தானே பார்த்தது, பின்னால் ஊகித்தது, கதைக்கு வேண்டுமென்று சேர்த்தது எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ‘என் வேர்கள்’ என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். தகவல் இடிக்கிறதே என்று கேட்டால், "இது புனைவுங்க." மேடை ஏறினால், "இது என் ரத்தத்தில் ஓடுவது." இரண்டு சலுகையும் ஒரே நேரத்தில் வேண்டுமாம். தெரிந்தது எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பது எழுத்துக்குள்ளேயே வாசகனுக்குத் தெரிய வேண்டும் என்பது என் கட்சி. நேர்மைக்காக மட்டும் சொல்லவில்லை. அப்படித் தெரியும்போதுதான் எழுத்தும் நன்றாக இருக்கிறது.

நினைவு தானாகவே கதை கட்டும். பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932-இல் வெளியிட்ட நூலில் இதைக் காட்டியிருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, சில நாள் கழித்தும் சில மாதம் கழித்தும் திரும்பச் சொல்லச் சொன்னார். புரியாத இடங்கள் உதிர்ந்துபோயின. சீல் என்ற கடல் விலங்கை வேட்டையாடப் போனவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். தோணி படகானது. கண்ணால் படித்த கதைக்கே இந்தக் கதி என்றால், நாலு வாய் மாறி வந்த குடும்பக் கதையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

எங்கள் வீட்டில் ஒரு பழைய குழுப்படம் இருக்கிறது. இடது ஓரத்தில் ஒருவரைக் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் தோளில் அவர் போட்ட கை மட்டும், நான்கு விரல்களோடு, மிச்சம் இருக்கிறது. யார் அது என்று சின்ன அத்தையைக் கேட்டேன். "வீட்டை விட்டு ஓடிப்போனவர், அவர் பேச்சை எடுக்காதே" என்றார். பெரிய அத்தையைக் கேட்டேன். "அட, படம் சட்டத்துக்குள்ள அடங்கல. அதான் வெட்டிட்டோம்" என்றார்.

எழுத உட்கார்ந்தால் கை தானாகச் சின்ன அத்தை பக்கம்தான் போகும். ஓடிப்போனவர், துரோகம், மன்னிக்காத தகப்பன், ஒரு நாவலுக்கே சரக்கு இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்தது நான்கு விரலும் இரண்டு பதிலும்தான். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்தக் குடும்பத்தில் யார் எதை மறக்க விரும்புகிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. ஓடிப்போன கதையை விட எனக்கு அதுதான் சுவாரசியம்.

பாட்டியை வைத்தே இதைச் சரியாகச் செய்யலாம். 1976-இல் வந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில் கி.ரா. (கி. ராஜநாராயணன்) அப்படித்தான் செய்தார். ஊரை விட்டு ஓடிவந்த மூதாதையர் கதையை நூறு வயது தாண்டிய மங்கத்தாயாரு வாயால் சொல்ல வைக்கிறார். வழியில் மரம் வளைந்து உதவுகிறது, அதிசயம் நடக்கிறது. நாம் நம்புகிறோமா என்பதை விட, அந்தச் சனம் இதை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தது என்பது நமக்குப் புரிகிறது. சொல்பவர் யார் என்பது தெரிவதால் ஏமாற்றப்பட்ட உணர்வே வருவதில்லை.

அதே 1976-இல்தான் கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலியின் நாவலும் வந்தது. தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்று பலர் படித்திருப்பீர்கள். ஆப்பிரிக்காவின் காம்பியாவில் பிடிபட்டு அடிமையாக அமெரிக்காவுக்கு வந்த குண்டா கின்டே என் மூதாதை, ஆவணங்களைத் தேடிக் கண்டுபிடித்தேன் என்றார் ஹேலி. அந்த வம்சாவளி நிற்கவில்லை என்று பின்னால் மரபுவழி ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடிமை முறை பற்றிய நாவலாக அதன் வலிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எத்தனையோ கறுப்பின அமெரிக்கர்களைத் தங்கள் முன்னோரைத் தேட வைத்த புத்தகம் அது. ‘இது இப்படி இருந்திருக்கலாம்’ என்று எழுதியிருந்தாலும் குண்டா கின்டே என் மனசில் அதே உயரத்தில்தான் நின்றிருப்பான்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் பிரெஞ்சு எழுத்தாளர் பாத்ரிக் மோதியானோ 1997-இல் எழுதிய ‘தோரா ப்ரூதேர்’. 1941 டிசம்பர் 31 தேதியிட்ட பாரிஸ் செய்தித்தாளில், காணாமல்போன தோரா ப்ரூதேர் என்ற 15 வயதுப் பெண்ணைத் தேடி ஒரு சின்ன விளம்பரம் வந்திருக்கிறது. சாம்பல் நிற மேல்சட்டை, கருநீலப் பாவாடை, பழுப்பு நிறக் காலணி. பல வருஷம் கழித்து அதைப் பார்த்த மோதியானோ, பள்ளிப் பதிவேடு, போலீஸ் கோப்பு என்று தேடிக்கொண்டே போகிறார். அவருடைய அப்பாவும் அதே ஆண்டுகளில், நாஜிகளின் பிடியில் இருந்த அதே நகரத்தில் மறைந்து வாழ்ந்த யூதர். அதனால் தேடல் நடுநடுவே அப்பா பக்கம் திரும்புகிறது. 1942 செப்டம்பரில் அந்தப் பெண்ணை ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது வரை தெரிகிறது. வீட்டை விட்டுப் போன அந்தக் குளிர்காலத்தில் அவள் எங்கே இருந்தாள், யாரோடு இருந்தாள்? தெரியவில்லை. எந்த நாவலாசிரியரும் அங்கே ஒரு காதலனையாவது கொண்டுவந்திருப்பார். மோதியானோ அதை அவளுடைய ரகசியமாகவே விட்டுவிட்டார். படித்தபோது அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சரி, ‘நான் இந்தக் குடும்பத்தின் பிள்ளை’ என்ற உரிமைப் பேச்சுக்கு வருவோம். பெருமை பேசித்தான் உரிமை கொண்டாட வேண்டும் என்று யார் சொன்னது? பிரெஞ்சு எழுத்தாளர் ஆனி எர்னோ தன் அப்பாவைப் பற்றி முதலில் நாவலாகத்தான் தொடங்கினாராம். பாதியில் அவருக்கே பிடிக்காமல் போய்விட்டது. பண்ணைக் கூலியாகவும் ஆலைத் தொழிலாளியாகவும் இருந்து பிறகு சின்னக் கடை வைத்தவர் அந்த அப்பா. மகள் படித்து ஆசிரியை ஆனதும் இருவருக்கும் நடுவே ஒரு தூரம் விழுந்துவிட்டது. அந்தத் தூரத்தை அழகுபடுத்தாமல், வீட்டுக்குக் கடிதம் எழுதுகிற அதே மொட்டையான நடையில் எழுதி 1983-இல் வெளியிட்டார். நூறு பக்கம் சுமாருக்குத்தான் இருக்கும். ‘என் அப்பா ஒரு தெய்வம்’ என்று ஒரு வரி கிடையாது. ஆனால் இவர் அந்த வீட்டுப் பெண் என்பதில் எனக்கு ஒரு வரியில்கூடச் சந்தேகம் வரவில்லை.

இதெல்லாம் செத்தவர்களைப் பற்றி எழுதும்போது. உயிரோடு இருப்பவர்களை எழுதுவது வேறு தலைவலி. படத்தைப் பற்றி இங்கே எழுதட்டுமா என்று இரண்டு அத்தைகளையும் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். பெரியவர் தாராளமாக எழுது என்றார். சின்னவர், "அக்கா சொன்னதையும் போட்டா என்னைப் பொய்க்காரின்னுதானே நினைப்பாங்க" என்று கேட்டார். அதையும் எழுதிக்கொள்கிறேன் என்றேன், சரி என்றார்.