சோறு போட்ட அக்காவுக்கு நன்றி, ஆனா...

சாரத்திலிருந்து விழுந்து வலது கை முறிந்த ஊர்த் தம்பிக்கு, சிங்கப்பூர் ஈசூன் வாடகை வீட்டில் தனியாளா இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் அக்கா தினமும் சோறு போட்ட கதையை உங்க கட்டுரையில படிச்சேன். மனசு நிறைஞ்சது. அந்தத் தம்பி கட்டுக் கையோட, இடக்கையால சின்னவனுக்கு அனா ஆவன்னா எழுதிக் காட்டினாராம். கோணல்மாணலா இருந்ததைப் பார்த்துப் பையன் சிரிக்க, விபத்துக்கு அப்புறம் இவரும் அன்னிக்குத்தான் சிரிச்சாராம். அந்த இடத்துல கண் கலங்கிடுச்சு.

ஆனா ஒண்ணு. வேலையிடக் காயத்துக்கு மருத்துவ விடுப்பில் முதல் 14 நாள், மருத்துவமனை விடுப்புன்னா 60 நாள், முழுச் சம்பளம். பிறகு விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. முதலாளி தந்தே ஆகணும், சட்டம். அது வந்துச்சா? கட்டுரையில மூச்சே இல்லை. துப்புரவு வேலைச் சம்பளத்துல அந்த அக்கா எத்தனை வயிற்றுக்குத்தான் பொங்குவாங்க! இழப்பீடு என்ன ஆச்சுன்னு விசாரிச்சு எழுதுங்க.