முதல் கணினிகளைக் கண்டு தயங்கியவர்கள் முட்டாள்கள் அல்லர்

தனிநபர் கணினி வந்த புதிதில் "இது எதற்கு உதவும்?" என்று கேட்டவர்களை ஏளனம் செய்யும் பதிவுகள் அவ்வப்போது சுற்றுக்கு வருகின்றன. வீட்டில் கணினி வைத்துக்கொள்ள யாருக்கும் காரணமில்லை என்று டெக் (DEC) என்ற கணினி நிறுவனத்தின் தலைவர் கென் ஓல்சன் 1977இல் சொன்னது அவற்றில் தவறாமல் இடம்பெறும். வீட்டையே நிர்வகிக்கும் கணினியைத்தான் தாம் குறிப்பிட்டதாக அவர் பின்னர் விளக்கியது மட்டும் விடுபட்டுவிடும். இந்த ஏளனம் நியாயமற்றது என்பதே என் உறுதியான கருத்து.

அவர்கள் முன்னால் இருந்தது என்ன என்று பாருங்கள். 1975 ஜனவரியில் ஒரு மின்னணுவியல் இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800 கணினிக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. நினைவகம் 256 பைட்டுகள், அதாவது சுமார் 256 எழுத்துகள் அளவுதான். முன்பலகையில் உள்ள சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஓர் எண்ணை அமைத்து, அதை நினைவகத்தில் இடுவதற்கு இன்னொரு சுவிட்சைத் தட்டி, இப்படியே நிரல் முழுவதையும் ஏற்றிய பிறகு, விடையைச் சிவப்பு விளக்குகளின் வரிசையில் படித்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் நின்றால் ஏற்றியது அத்தனையும் போய்விடும். இதைப் பார்த்து, பொழுதுபோக்காளர்களின் கருவி என்று ஒருவர் முடிவு செய்தால் அதில் என்ன பிழை?

1977இல் வந்த ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய கணினிகள் பெட்டியைத் திறந்ததும் பயன்படுத்தக்கூடியவை. அது பெரிய முன்னேற்றம். ஆனால் தொடக்க கால ஆப்பிள் 2இன் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துகள்தான், அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே. கடிதம் எழுதும் வேலை உள்ளவர் தட்டச்சுப் பொறியை விடாததில் வியப்பில்லை.

ஆதரவாளர்களிடமும் நல்ல பதில் இருக்கவில்லை. சமையல் குறிப்புகளைச் சேமிக்கலாம், வீட்டுக் கணக்கு பார்க்கலாம் என்றார்கள். இரண்டுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பதில் 1979இல் வந்தது. ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்த டான் பிரிக்ளினும் நிரலாளர் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க், ஆப்பிள் 2இல் ஓடிய விரிதாள் மென்பொருள்; அதாவது, எண்களையும் சூத்திரங்களையும் கட்டங்களில் இட்டுக் கணக்கிடுவது. வட்டி விகிதத்தை மாற்றினால், அதைச் சார்ந்த தொகைகள் எல்லாம் கண்ணெதிரே மாறின. அதுவரை பென்சிலால் எழுதி, அழித்து, மீண்டும் கூட்டிக்கொண்டிருந்த கணக்காளருக்கு அதன் பயனை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு மென்பொருளுக்காகவே கணினி வாங்கியவர்கள் பலர். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது அதற்கும் விசிகால்க் தயாராக இருந்தது.

நிறுவனம் முழுவதற்கும் பொதுவான பெருங்கணினிகளை நடத்திவந்த அலுவலகத் துறையினரின் தயக்கத்தையும் பொறாமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு மேசையிலும் தனித்தனியாக உருவாகும் கணக்கை யார் சரிபார்ப்பது, ஒரு சூத்திரம் தவறினால் யார் கண்டுபிடிப்பது என்ற கேள்விகள் அந்தத் தயக்கத்தில் இருந்தன. விரிதாள்களில் பிழையான சூத்திரங்களை நம்பி நிறுவனங்கள் இன்றும் தவறான முடிவெடுக்கின்றன. அந்தக் கேள்விகளுக்கு இன்னும் முழுமையான பதில் கிடைக்கவில்லை.