அந்த முச்சீர் அடியைப் பாருங்கள்
அகவற்பா, அதாவது ஆசிரியப்பா, உரைநடைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதன் யாப்புக்கும் உணர்வுக்கும் தொடர்பில்லை என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூவேந்தரிடம் தந்தை பாரியையும் அவனுடைய பறம்புக் குன்றையும் இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூறு 112-ஐ வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், 5 அடிதான். ‘அற்றைத் திங்கள்’, ‘இற்றைத் திங்கள்’ என்று முதலடியும் மூன்றாமடியும் எதுகையால் இணைகின்றன. நிலவு அதேதான், இடையில் தந்தையும் குன்றும் போய்விட்டன. அப்புறம் நான்காமடி: ‘வென்றெறி முரசின் வேந்தர்எம்’. மற்ற அடிகளில் நான்கு சீர், இதில் மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, எப்போதும் அப்படித்தான் வரும், சரி. ஆனால் இங்கே அடி ‘எம்’ என்பதில் அறுந்து, ‘குன்றும்’ அடுத்த அடிக்குத் தள்ளப்படுகிறது. இரண்டாமடியில் ‘எம்குன்றும்’ என்று சேர்ந்தே நின்ற சொற்கள் அவை. வகுப்பில் சீர் பிரித்துக் கரும்பலகையில் எழுதினால், மாணவர்கள் அந்த இடத்தில் தாமாகவே தயங்கிப் படிக்கிறார்கள். கையறுநிலை (இழப்பின் துயரைப் பாடுவது) என்ற துறைப்பெயரை அதற்குப் பிறகுதான் சொல்வேன்.