நெடுஞ்சாலை நீட்டிப்பு: கூட்டத்தில் பேசினால் போதாது, 30 நாளுக்குள் எழுத்தில் போக வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டாரத்தில் நெடுஞ்சாலை வேலை ஓய்வதே இல்லை. என்-2 சாலையில் லோவு ஆற்றிலிருந்து உம்ட்லோட்டி வரை, என்-3 சாலையில் டர்பனிலிருந்து செடாரா வரை என்று அகலப்படுத்தும் திட்டம் நீண்டுகொண்டே போகிறது. இசிபிங்கோ, சாட்ஸ்வர்த், ரிசர்வாயர் ஹில்ஸ், ஃபீனிக்ஸ், மவுண்ட் எட்ஜ்கோம்ப் என்று நம் ஜனங்கள் குடியிருக்கும் பல ஊர்கள் இந்தச் சாலைகளையும் இவற்றின் இணைப்புச் சாலைகளையும் ஒட்டியே இருக்கின்றன. புதிதாக ஒரு நீட்டிப்போ இணைப்போ அறிவிக்கப்பட்டால் ஹாலில் கூட்டம் போடுகிறோம், மைக்கில் கோபப்படுகிறோம், ஆயிரம் இரண்டாயிரம் கையெழுத்து வாங்கி மனு கொடுக்கிறோம். இறுதி அறிக்கையில் அந்த மனு பெரும்பாலும் "சாலைக்கு எதிர்ப்பு" என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது. பதிலும் ஒரே வரி: "கவனத்தில் கொள்ளப்பட்டது."

இது ஏன் இப்படி நடக்கிறது, எப்படி மாற்றலாம் என்பதைப் பற்றித்தான் இந்த நீண்ட பதிவு. கோயில் கமிட்டியில் இருப்பவர்கள், ரேட்பேயர்ஸ் (மாநகராட்சி வரி கட்டுவோர்) சங்கத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

முதலில் சட்டம். சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம் (1998-இன் 107ஆம் எண்), அதன் கீழ் 2014-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகள், இவை இரண்டும்தான் நம் கையில் இருக்கும் பிடி. புதிய சாலையின் ஒதுக்கீட்டு நிலம் 30 மீட்டருக்கு மேல் அகலம் என்றால் முழு மதிப்பீடு, அதாவது எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று வரையறுக்கும் ஸ்கோப்பிங் அறிக்கை, அதன் பிறகு தாக்க அறிக்கை. சிறிய வேலை என்றால் 'பேசிக் அசெஸ்மென்ட்' என்ற சுருக்கமான மதிப்பீடு மட்டும். எதுவானாலும் பொதுமக்கள் கருத்துக்கு குறைந்தது 30 நாள் தர வேண்டும். இந்த 30 நாள் காலண்டர் நாள். சனி ஞாயிறும் சேர்த்திதான். டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரை மட்டும் கணக்கில் வராது. அந்த விடுமுறைக்கு நடுவே ஒரு அறிக்கையை வைத்துவிட்டு நாள் முடிந்தது என்று யாராவது சொன்னால் உடனே எழுதிக் கேளுங்கள்.

ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. ஏற்கெனவே உள்ள சாலையை 6 மீட்டருக்கு மேல் அகலப்படுத்தினாலோ ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீட்டினாலோ மதிப்பீடு வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஆனால் நகர்ப்பகுதிக்குள் நடக்கும் வேலைக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. "இதற்கு மதிப்பீடே தேவையில்லை" என்று சொல்லிவிட்டார்கள் என்று நம் ஆட்கள் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். சோர வேண்டாம். நீரோடையிலோ சதுப்பிலோ 10 கன மீட்டருக்கு மேல் மண் கொட்டினாலும் தோண்டினாலும் அது தனியாக அனுமதி வாங்க வேண்டிய வேலை. 10 கன மீட்டர் என்பது ஒரு டிப்பர் லாரி லோடு. டர்பனின் மேடு பள்ளத்தில் ஓடையைத் தொடாமல் நெடுஞ்சாலையை அகலப்படுத்துவது அரிது. அதோடு 1998-ஆம் வருடத்து தேசிய நீர்ச் சட்டப்படி நீர்ப் பயன்பாட்டு அனுமதியும் வேண்டும். எனவே முதல் கேள்வி: எந்த ஓடையை, எந்த இடத்தில் கடக்கிறீர்கள்?

பெயர்ப் பதிவு அடுத்தது. 'ஐ அண்ட் ஏ.பி.' பட்டியல் என்பார்கள். அக்கறை உள்ளவர்கள், பாதிக்கப்படுபவர்கள் பட்டியல். எழுத்தில் கேட்டாலும், கருத்து அனுப்பினாலும், கூட்டத்துக்கு வந்தாலும் பெயர் ஏற வேண்டும். ஆனால் கூட்டத்துக்குப் போய் வருகைத் தாளில் கிறுக்கலாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் உங்கள் மின்னஞ்சல் முகவரியை யாராலும் படிக்க முடியாது, அடுத்த அறிக்கை உங்களுக்கு வராது. மதிப்பீட்டைச் செய்யும் ஆலோசகருக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிவானதா என்று பதில் வாங்கி வையுங்கள். கருத்து அனுப்பும்போது அந்தத் திட்டத்தில் உங்களுக்கு வியாபார, பண, சொந்த நலன் ஏதும் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும் என்று விதி கேட்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார், தாத்தாமார், உடல் முடியாதவர்கள் பங்கெடுக்க வேறு வழி செய்து தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. வீட்டுக்கு வந்து வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொள்ளும்படி தாராளமாகக் கேட்கலாம். இதை நம் ஊர்களில் யாரும் கேட்பதே இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம். எந்த மழைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

வேலை நடக்கப்போகும் இடத்தின் எல்லையில் அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும். குறைந்தபட்ச அளவு 60-க்கு 42 சென்டிமீட்டர். சின்னதாக இருந்தாலோ புதருக்குள் இருந்தாலோ தேதி தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள். பின்னால் மேல்முறையீட்டுக்கு உதவும்.

இனி உள்ளடக்கம். என்னைக் கேட்டால், 30 நாளில் பாதியை மழைநீருக்கே செலவழிக்க வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. டோங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடிபட்டு ஊரே மாதக்கணக்கில் டேங்கர் தண்ணீரில் கிடந்தது. அந்த நினைவோடு ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 10 மீட்டர் கூடுதல் தார்ப்பரப்பு. அதன் மேல் 100 மில்லிமீட்டர் மழை. 1,000 கன மீட்டர் தண்ணீர், அதாவது பத்து லட்சம் லிட்டர். முன்பு அதில் ஒரு பங்கை மண்ணும் புல்லும் குடித்துக்கொண்டிருந்தன. தார் போட்டதும் கிட்டத்தட்ட எல்லாமே ஓடும், அதுவும் சீக்கிரமே வந்து சேரும். அதனால் மொத்த அளவு கூடுவதோடு உச்ச வேகமும் கூடுகிறது. கீழே இருக்கும் பழைய கல்வெர்ட், அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் வழி, அந்த உச்சத்துக்குக் கட்டப்பட்டதல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளத்தைக் கடக்க மண்ணை உயர்த்திக் கரை போட்டால் அந்தக் கரையே அணையாகிவிடும். அடியில் உள்ள குழாய் சின்னதாக இருந்தாலோ, பிளாஸ்டிக்கும் கரும்புச் சோகையும் நாணலும் வாயை அடைத்தாலோ, மேல்பக்கத்து வீடுகளில் தண்ணீர் தேங்கும். கரை உடைந்தால் கீழ்ப்பக்கத்து வீடுகள் போகும். ஒற்றைக் குழாயைவிட அகலமான பெட்டி கல்வெர்ட் அடைபடுவது குறைவு. இதையெல்லாம் கேட்க இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை.

எப்படி எழுதுவது? "எங்கள் தெருவில் வெள்ளம் வரும், சாலை வேண்டாம்" என்று எழுதினால் பதில் சொல்ல அவர்களுக்கு எதுவும் இல்லை. வரைபடத்தில் சாலையின் நீளத்தை 4+200, 4+400 என்று குறித்திருப்பார்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து 4 கிலோமீட்டர் 200 மீட்டர் என்று அர்த்தம். அதைப் பிடித்துக்கொண்டு இப்படி எழுதுங்கள்: "4+200-இல் உள்ள 900 மில்லிமீட்டர் குழாயை அப்படியே வைத்திருப்பதாக வரைபடம் காட்டுகிறது. 2022 ஏப்ரல் 12 காலை அந்த இடத்தில் தண்ணீர் சாலை மேல் ஓடியது, படம் இணைத்துள்ளோம். எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளத்துக்கு இந்தக் குழாய் கணக்கிடப்பட்டது? புதிய தார்ப்பரப்பிலிருந்து வரும் கூடுதல் நீரைத் தேக்கி விடும் குளம் எங்கே? அந்தக் குளத்தைத் தூர்வாரும் பொறுப்பு யாருக்கு: சான்ரலுக்கா, எதெக்வினி மாநகராட்சிக்கா?" சான்ரல் என்பது தேசிய நெடுஞ்சாலை நிறுவனம், எதெக்வினி என்பது டர்பன் மாநகராட்சி. கடைசிக் கேள்வி மிக முக்கியம். சாலை ஒருவர் கையில், ஓடை இன்னொருவர் கையில் என்று இருந்தால் கல்வெர்ட்டை யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள்.

இப்படிப்பட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் 'கருத்துகளும் பதில்களும்' என்ற பகுதியில் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். ஒரு மனுவில் 2,000 கையெழுத்து என்பதைவிட, வெவ்வேறு வீட்டிலிருந்து வெவ்வேறு இடத்தைச் சுட்டும் 40 கடிதம் பலமானது. ஒரே கடிதத்தை நகலெடுத்து எல்லாரும் அனுப்பினால் அதையும் ஒன்றாகக் கட்டிவிடுவார்கள்.

சத்தம் பற்றிச் சுருக்கமாக. எஸ்.ஏ.என்.எஸ் 10103 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரப்படி நகர்க் குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது அளவுகோல். வண்டிகள் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். அதனால் அறிக்கையில் "சிறிய உயர்வு" என்று வரும். இப்போதே அளவுகோலைத் தாண்டியிருக்கும் தெருவுக்கு அந்தச் சொல் பொருந்தாது. தற்போதைய அளவை இரவிலும் எடுத்தார்களா என்று கேளுங்கள். தடுப்புச் சுவர் தருவதாகச் சொன்னால், சாலைக்கும் உங்கள் ஜன்னலுக்கும் நடுவே பார்வையை மறைக்கும் உயரம் இருக்கிறதா, இடையில் இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இடைவெளி விட்ட சுவர் வீண். மலைச்சரிவில் உயரே இருக்கும் வீட்டுக்குச் சுவர் பெரிதாக உதவாது.

கோயிலும் கல்லறையும் நாமே சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. 1860-இல் முதல் கப்பல் வந்த காலம் தொட்டு கரும்புத் தோட்டங்களில் மாண்டவர்களின் புதைகுழிகள் பலவற்றில் கல்கூட இல்லை. ஒரு மரம்தான் அடையாளம். 1999-ஆம் வருடத்து மரபுரிமைச் சட்டத்தின் (25ஆம் எண்) 36ஆம் பிரிவு, முறையான இடுகாட்டுக்கு வெளியே உள்ள 60 வருடத்துக்கு மேற்பட்ட புதைகுழிகளை அனுமதியின்றித் தொடக்கூடாது என்கிறது. 34ஆம் பிரிவு 60 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடங்களைக் காக்கிறது; பழைய கோயில்கள் இதில் வரும். 300 மீட்டருக்கு மேல் நீளும் எந்தச் சாலைத் திட்டத்தையும் மரபுரிமை அமைப்புக்கு, நம் மாகாணத்தில் அமாஃபாவுக்கு, தெரிவித்தாக வேண்டும் என்கிறது 38ஆம் பிரிவு. செய்ய வேண்டியது: பெரியவர் ஒருவரை அழைத்துப் போய் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள், போனில் ஜி.பி.எஸ் புள்ளியோடு படம் எடுங்கள், அவர் சொல்வதைச் சத்தியக் கடிதமாக எழுதி போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை வாங்குங்கள். அதற்குக் காசு இல்லை.

போக்குவரத்து எண்ணிக்கையைச் சாதாரண வேலை நாளில் எடுப்பார்கள். அது சரிதான். ஆனால் குட் ஃபிரைடே அன்று இசிபிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில்களுக்கு வரும் கூட்டம் அந்த எண்ணிக்கையில் இருக்காது. ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்குக் காவடி வரும் பாதையை இணைப்புச் சாலை வெட்டினால், அன்று யார் எப்படிக் கடப்பது என்பதைத் திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ரதம் கலசத்தோடு எவ்வளவு உயரம் என்று அளந்து கொடுங்கள். வழியில் வரும் பாலம், கம்பி, அறிவிப்பு வளைவு எல்லாவற்றுக்கும் அந்த அளவு வேண்டும். நடைமேம்பாலம் தருவார்களானால் சரிவுப்பாதை கேளுங்கள். 1-க்கு 12 சரிவில் 6 மீட்டர் ஏற 72 மீட்டர் நீளம் தேவை, இளைப்பாறும் மேடைகள் தனி. அதற்கான நிலத்தை இப்போதே ஒதுக்காவிட்டால் பிறகு படிக்கட்டுதான் மிஞ்சும். டேக்ஸி நிறுத்தத்திலிருந்து பாலம் தள்ளியிருந்தால் ஜனங்கள் சாலையைத்தான் குறுக்கே கடப்பார்கள்.

நிலம் எடுப்பில் ஒரு சொல். அரசியலமைப்பின் 25(3) பிரிவு சந்தை விலையோடு, அந்தச் சொத்து எப்படி வந்தது, எப்படிப் பயன்பட்டது என்ற வரலாற்றையும் ஈட்டுத்தொகைக்குக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பத்தின் வீடு என்றால் அதைக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

சுங்கம் விஷயத்தில் தாமதம் எவ்வளவு கொல்லும் என்பதற்கு கௌடெங் மாகாணத்தின் இ-டோல், அதாவது மின்னணுச் சாலைச் சுங்கம், சாட்சி. சாலைகளைச் சுங்கச் சாலையாக அறிவிக்கும் வேலை 2007-08-இலேயே முடிந்துவிட்டது. எதிர்ப்பாளர்கள் 2012-இல் நீதிமன்றம் போனார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் காலதாமதத்தைக் காட்டியே மறுத்தது. ஜனங்கள் கட்ட மறுத்ததால் 2024 ஏப்ரலில் அந்தச் சுங்கம் நின்றது வேறு கதை. கேப் டவுன் மாநகராட்சியோ வைன்லாண்ட்ஸ் சுங்கத்தை வேலை தொடங்குமுன் எதிர்த்து 2015-இல் வென்றது, 2016-இல் மேல்முறையீட்டிலும் நின்றது. நமக்கு நெருக்கமான உதாரணம் வைல்ட் கோஸ்ட் என்-2. இசிபிங்கோ பக்கம் சுங்கச்சாவடி என்ற யோசனையைத் தெற்கு டர்பன் மக்கள் எதிர்த்தார்கள் அல்லவா, அதே திட்டம்தான். அதற்குக் கிடைத்த முதல் சுற்றுச்சூழல் அனுமதியை 2004 டிசம்பரில் அமைச்சர் ரத்து செய்தார். காரணம், மதிப்பீடு செய்த ஆலோசகரின் சுதந்திரம் கேள்விக்குள்ளானது. ஆலோசகரின் சுயவிவரமும் உறுதிமொழியும் அறிக்கையின் இணைப்பில் இருக்கும். எல்லாரும் தள்ளிவிட்டுப் போகும் பக்கம் அது. அதையும் படியுங்கள்.

இன்னொரு குழப்பம். வேலை தொடங்கியபின் 'புராஜெக்ட் லயசன் கமிட்டி' அமைப்பார்கள். வேலைவாய்ப்பு, உள்ளூர் துணை ஒப்பந்தம், தூசி, வெடி வைக்கும் நேரம் எல்லாம் அங்கே பேசலாம்; வெடி வைக்குமுன் உங்கள் வீட்டு விரிசல்களைப் படமெடுத்துப் பதிவு செய்யச் சொல்லி அங்கே வற்புறுத்தலாம். சாலை எந்த வழியே போக வேண்டும் என்பதை அங்கே மாற்ற முடியாது. அது ஸ்கோப்பிங் கட்டத்தில், மாற்று வழித்தடங்களை ஒப்பிடும் அத்தியாயத்தில் தீர்ந்துபோகிறது. அரசின் மீது எனக்குள்ள பெரிய குறையும் இதுதான்: அந்த அத்தியாயம் பல நேரம் ஒரே கோட்டை மூன்று நிறத்தில் வரைந்தது போல் இருக்கிறது. நிராகரித்த வழித்தடங்களின் செலவுக் கணக்கைக் கேளுங்கள். தராவிட்டால் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதனால் அறிக்கை வரும்வரை காத்திருக்காமல் பேச்சு எழும்போதே போட்டுவிடுவது நல்லது.

அனுமதி கிடைத்துவிட்டால் பதிவு பெற்ற எல்லாருக்கும் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்த நாளிலிருந்து 20 நாளுக்குள் மேல்முறையீடு. அந்த மேல்முறையீடு முடியும்வரை அனுமதி நிறுத்திவைக்கப்படும். சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மேல்முறையீட்டில் புதிதாக எதையும் தேட நேரம் இருக்காது. முதல் 30 நாளில் அனுப்பிய கடிதங்கள், படங்கள், வராத பதில்கள் இவைதான் அதற்குச் சரக்கு. எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்து, கமிட்டியில் குறைந்தது இரண்டு பேரிடம் நகல் கொடுத்து வையுங்கள்.